பென் டிரைவுக்கு வைத்த பொட்டு

"அக்கா, உங்க கம்ப்யூட்டர் பேசுமா?"

போன மாதம் ஒரு காலை. கடையைத் திறந்து, ஜெராக்ஸ் மெஷின், பிரிண்டர், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, ஊதுபத்தியைச் செருகிவிட்டுத் திரும்புகிறேன்... வாசலில் நின்று ஒரு பெண் இப்படிக் கேட்டாள்.

ஜெராக்ஸ் கடையில் என்னென்னவோ கேட்பார்கள். ஆதார் கார்டு போட்டோவில் முகத்தைக் கொஞ்சம் சிவப்பாக்க முடியுமா, கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயரை மட்டும் சின்ன எழுத்தில் போட முடியுமா — இதெல்லாம் பழகிவிட்டது. இது புதுசு.

"நான் பேசுவேம்மா. ஜாஸ்தியாவே பேசுவேன். கம்ப்யூட்டர் பேசாது" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையிலிருந்த வெள்ளைக் கோலை மடக்கினாள். அப்போதுதான் கவனித்தேன், அவளுக்குப் பார்வை இல்லை.

பெயர் அலமேலு. கல்வராயன் மலையில் கரியாலூர் தாண்டி உள்ளே ஒரு ஊர். முதல் பஸ்ஸில் இறங்கி, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து விசாரித்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் போன கண். சென்னையில் விடுதியில் தங்கிப் படித்து, பி.எட். முடித்து, இப்போது சொந்த மலையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியை. ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறாள்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். மனசில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவேன். "மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் வாங்கிச் சாத்தறேன்மா. உனுக்குன்னு வேண்டிக்கறேன்" என்றேன்.

"கண்ணுக்கு எங்கம்மா வேண்டாத சாமி இல்லக்கா. நீங்க காதுக்கு வேண்டிக்குங்க."

"காதுக்கு இன்னா?"

"காது நல்லாத்தான் இருக்கு. அதுக்கு வேலைதான் இல்ல."

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். டீ வரவழைத்தேன். அவள் சொல்லச் சொல்லத்தான் விஷயம் புரிந்தது.

திரையில் இருக்கும் எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. ஸ்க்ரீன் ரீடர் என்கிறார்கள். கீபோர்டில் அம்புக்குறியை அழுத்த அழுத்த, ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்லும். மவுஸே வேண்டாம். காலேஜில் அலமேலு அதில்தான் படித்தாள், அதில்தான் பரீட்சைக்குத் தயாரானாள்.

மலைக்கு வந்த பிறகு அது இல்லை. ஆனால் கூட வேலை பார்த்த ஒரு டீச்சர், சாயங்காலமானால் பாடத்தைப் படித்துக் காட்டுவார். இவள் கேட்டு மனசில் வாங்கிக்கொண்டு மறுநாள் நடத்துவாள். அந்த டீச்சருக்கு மணலூர்பேட்டைப் பக்கம் மாறுதல் வந்துவிட்டது. இனி புதுப் பாடத்தை யார் படித்துக் காட்டுவது?

"எங்க எச்.எம். நல்லவருக்கா. உங்கள அனுப்ப எனுக்கு மனசு இல்ல, ஆனா ஸ்கூல் கமிட்டிக்கு நான் இன்னா பதில் சொல்றதுன்னு கேக்கறாரு. வர்ற திங்கக்கிழமை காலையில கமிட்டி கூடுது. அதுக்குள்ள நானே படிச்சு நடத்துவேன்னு காட்டணும். இல்லன்னா வேற ஆளு."

"வேற ஆளு வந்துட்டா நீ?"

"மறுபடியும் சென்னைதான். ஹாஸ்டல்." டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "போன தடவை நான் வூட்டுக்கு வந்தப்ப, திரும்பப் போவக்கூடாதுன்னு எங்கம்மா என் பொட்டிய எடுத்து ஒளிச்சு வெச்சிடுச்சு. இன்னும் குடுக்கல. எங்கம்மா தனியா இருக்குதுக்கா."

பெட்டியை ஒளித்து வைத்தால் மகள் போகமாட்டாள் என்று நினைக்கிற மனசு... எந்த அம்மாவுக்குத்தான் இல்லை?

"பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் இருக்கா?"

"இருக்கு. நெட்டுதான் இல்ல. போன்ல ஒரு கோடு டவர் வரணும்னாலே பாறை மேல ஏறணும். ரெண்டு கடையில கேட்டுட்டேன். நெட் இருந்தா அஞ்சு நிமிஷ வேலை, இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க."

"திருட்டு காப்பி எடுக்கணுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். நம் பிழைப்பில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா?

"ஐயோ, இல்லக்கா. இதுக்குக் காசே கிடையாது. யாரு வேணா எடுத்துக்கலாம், யாருக்கு வேணா காப்பி பண்ணிக் குடுக்கலாம். உள்ள எப்படி எழுதியிருக்குன்னு பிரிச்சும் பாக்கலாம். எழுதினவங்கள்ல கண்ணு தெரியாதவங்களும் இருக்காங்க."

ஓப்பன் சோர்ஸ் என்ற வார்த்தையை நான் போஸ்டரில்கூட அடித்திருக்கிறேன். அர்த்தம் அன்றைக்குத்தான் விளங்கியது. இது அன்னதானம். பந்தியில் உட்கார்ந்தவரிடம் யாரும் பெயர் கேட்பதில்லை. சமையல்கட்டை எட்டிப் பார்க்காதே என்றும் சொல்வதில்லை. தூக்குவாளி கொண்டு வந்தால் வீட்டுக்கும் ஊற்றிக் கொடுப்பார்கள்.

தூக்குவாளிதான் பென் டிரைவ். இனி என்ன கஷ்டம்?

அப்படித்தான் நினைத்தேன்.

மென்பொருளை இறக்கி, "ஆச்சும்மா" என்றேன். "நெட்ட ஆஃப் பண்ணிட்டுப் போட்டுப் பாருங்கக்கா" என்றாள் அலமேலு. செய்தேன். இங்கிலீஷில் சடசடவென்று பேசியது. நல்ல தமிழ்க் குரலுக்குப் போனால், வாயை மூடிக்கொண்டு நெட்டைக் கேட்டது. அந்தக் குரல் தனியாக இறங்க வேண்டுமாம். அதை இறக்கினால், இன்னொரு துணை ஃபைல் இல்லை என்றது.

எங்கள் குலதெய்வம் ஊருக்கு வெளியே, கரும்புத் தோட்டங்களைத் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் கடை கிடையாது. பொங்கல் வைக்கப் போனால் பானை, அரிசி, வெல்லம், விறகு, தண்ணீர் என்று சகலமும் சுமந்துகொண்டு போக வேண்டும். ஒருமுறை எல்லாம் எடுத்துப்போய், அடுப்பு மூட்டி, விறகு அடுக்கி... தீப்பெட்டி இல்லை. என் வீட்டுக்காரர் கொளுத்துகிற வெயிலில் மூன்று தோட்டம் தாண்டிப் போய் ஒருவரிடம் பீடி நெருப்பு வாங்கி வந்தார்.

நெட் இல்லாத ஊருக்கு மென்பொருள் கட்டிக் கொடுப்பதும் அதேதான். வீட்டில் இருக்கும்வரை எது இல்லை என்பதே தெரியாது. நெட் இருக்கிறவர்கள் செய்கிற எல்லாவற்றிலும் ஒரு நினைப்பு ஒளிந்திருக்கிறது — எல்லோர் வீட்டிலும் நெட் இருக்கும் என்று.

நடுவில் கரண்ட் போனது. சாயங்காலம் அது வந்தபோது, பாதி இறங்கியிருந்த தமிழ்க் குரல் முதலிலிருந்து ஆரம்பித்தது. அலமேலுவுக்குக் கடைசி பஸ் கிளம்பும் நேரம்.

"நீ போம்மா. ஞாயித்துக்கிழமை நானே மேல கொண்டாறேன்."

"உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்?"

"கரியாலூர் போய் எவ்ளோ நாளாச்சு. எங்க வூட்டுக்காரரும் எங்கியும் கூட்டிக்கினு போவறதில்ல."

போகிறபோது திரும்பி நின்று, பையிலிருந்து தமிழ்ப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். "பாடத்த நீங்களே டைப் பண்ணிக் குடுத்துடறீங்களாக்கா? யூனிகோடுல அடிங்க. கடையில பத்திரிகை அடிக்கற எழுத்துல அடிச்சா ஸ்க்ரீன் ரீடர் உளறும்."

நான் படித்தது பத்தாம் வகுப்பு. அதற்கப்புறம் டைப்ரைட்டிங் லோயர். அவ்வளவுதான். சனிக்கிழமைக்குள் மென்பொருளையும் தமிழ்க் குரலையும் துணை ஃபைலையும் பாடங்களையும் ஒரே பென் டிரைவில் சேர்த்துவிட்டேன். நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, என் வீட்டுக்காரரை உட்கார வைத்தேன். அவர் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறவர். போல்ட்டும் நட்டும்தான் தெரியும்.

"கண்ண மூடிக்கினு இன்ஸ்டால் பண்ணுங்க பாக்கலாம்."

"கண்ணத் திறந்தாலே எனுக்கு வராதுடி."

"ஒத்தக் கண்ணத் திறக்காதீங்க. பாத்துக்கினுதான் இருக்கேன்."

அது சொல்ல, இவர் அழுத்த, தட்டுத்தடுமாறி முடித்துவிட்டார். கண்ணைத் திறந்தவர் கீபோர்டை மெல்லத் தள்ளி வைத்தார். "அந்தப் பொண்ணு தெனமும் இப்படியா" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குளித்து, விளக்கேற்றி, பென் டிரைவை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். நல்ல காரியத்துக்குப் போகிற பொருள். சும்மா அனுப்ப மனசு வருமா?

வீட்டு வேலை முடிந்து கிளம்ப உச்சிப்பொழுதாகிவிட்டது. வண்டியில் கச்சிராயபாளையம் தாண்டினோம். கோமுகி அணையை விட்டு மேலே ஏற ஏற, குளிர் முதுகில் ஏறியது. ஒரு வளைவில் போனை எடுத்துப் பார்த்தேன். "டவர் போச்சுங்க."

"இனிமே உன் சாமிதான் டவர்" என்றார்.

பள்ளிக்கூட வாசலில் அலமேலு நின்றிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா, கையில் தூக்குவாளியோடு. எங்களுக்குத்தான் சாமைச் சோறும் கீரையும். எச்.எம். ஆரோக்கியசாமி சார், சர்ச்சுக்குப் போய்விட்டு அதே வெள்ளை வேட்டி சட்டையோடு வந்து கம்ப்யூட்டர் அறையைத் திறந்து வைத்திருந்தார்.

"வாங்கம்மா. மெஷின் நல்லா ஓடுது. பேசினா போதும்" என்றார்.

பென் டிரைவைச் செருகினேன்.

ஒன்றும் வரவில்லை.

எடுத்துச் செருகினேன். திருப்பிச் செருகினேன். என் வீட்டுக்காரர் வாங்கி, ஊதி, செருகினார். திரையில் பென் டிரைவ் என்று ஒரு பொருள் இருப்பதாகவே காட்டவில்லை. நேற்று வரைக்கும் என் கடையில் கணீரென்று பேசியது.

"வேற காப்பி இருக்காம்மா?" எச்.எம். கேட்டார்.

"கடையில இருக்கு சார்."

"இப்ப இறங்கி ஏறினா இருட்டிடும். பனி வேற." என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். எச்.எம். தலையாட்டினார். "காலையில கமிட்டிக்காரங்க வந்துடுவாங்க. சரி டீச்சர்... பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' யாருக்குத்தான் புரியாது? அலமேலுவின் அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு மகளின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டார். சின்னப் பிள்ளைதான் அம்மாவின் புடவையைப் பிடிக்கும். இங்கே மாறியிருந்தது.

எனக்குள் நான் மாரியம்மனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை செய்ய வைத்து, இத்தனை தூரம் ஏற்றி, இங்கே வந்து கையை விரிக்கிறாயே தாயே, இது நியாயமா?

"குடுங்கக்கா, நான் பாக்கறேன்" என்று கையை நீட்டினாள் அலமேலு.

பென் டிரைவை வாங்கி, கட்டை விரலால் மெதுவாகத் தடவினாள். அடிப்பக்கம், மேல்பக்கம், அந்தத் தகட்டு முனை. அங்கே விரல் நின்றது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"அக்கா... இதுல சந்தனம் மணக்குது."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

காலையில் கும்பிட்டேன் என்று சொன்னேன் அல்லவா? கும்பிட்டதோடு விட்டிருக்கலாம். பொட்டு வைத்தேன். சந்தனத்தைக் குழைத்து, நடுவில் குங்குமம் தொட்டு. எங்கே வைப்பது? அடியில் கம்பெனி பெயர் இருந்தது. பின்னால் கயிறு கட்டும் ஓட்டை. முன்னால் பளபளவென்று இருந்த அந்தத் தகடுதான் என் கண்ணுக்கு முகம் மாதிரி தெரிந்தது. ஈரச் சந்தனம் உள்ளே இறங்கி, மலை ஏறுவதற்குள் காய்ந்து கெட்டியாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "மூஞ்சின்னு நெனச்சு வாயிலியே வெச்சுட்டியாடி. அது எப்படிப் பேசும்?"

முதலில் சிரித்தது அலமேலுவின் அம்மாதான். அப்புறம் எச்.எம். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

கரியாலூர் கோயிலில் விளக்குப் போடுவதற்காகப் பையில் பஞ்சுத் திரி வைத்திருந்தேன். எச்.எம். முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட் கொண்டுவந்தார். அலமேலுவின் அம்மா துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சி உருவிக் கொடுத்தார். திரியை அதில் சுற்றி, ஸ்பிரிட்டில் தொட்டு, என் வீட்டுக்காரர் துடைக்க ஆரம்பித்தார். ஆலையில் பழகிய கை. அவசரப்படவில்லை. ஒவ்வொரு முறையும் திரி மஞ்சளாக வெளியே வந்தது. எச்.எம். வேறு திரி எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு திரி வெள்ளையாகவே வந்தது. என் வீட்டுக்காரர் பென் டிரைவை வாசலில் வெயிலில் கொஞ்ச நேரம் காட்டினார்.

"முன்னாடி ஓட்டையிலியும் சந்தனம் போயிருக்கும். பின்னாடி செருகலாம்" என்று கம்ப்யூட்டரின் பின்பக்கம் போனார்.

டிடிங்.

அந்தச் சத்தத்தைக் கோயில் மணி என்று சொன்னால் கேலி செய்வீர்கள். எனக்கு அப்படித்தான் கேட்டது. எச்.எம். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"நகருங்க, நான் உக்கார்றேன்" என்றாள் அலமேலு. அதுவரைக்கும் ஓரமாக நின்றிருந்த பெண் அல்ல அவள். நாற்காலியை இழுத்த விதமே வேறு. மென்பொருள் வாய் திறந்தது. இங்கிலீஷ், அதுவும் அவள் எதையோ அழுத்தியதும் எக்ஸ்பிரஸ் வேகத்தில். எங்கள் யாருக்கும் ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அவள் விரல்களுக்குப் பிடிபட்டது. அது சொல்ல, இவள் அழுத்த, இவள் அழுத்த, அது சொல்ல... இரண்டு பேர் வெகுநாள் கழித்துச் சந்தித்துப் பேசிக்கொள்வது போல இருந்தது.

அப்புறம் ஒரு நொடி அமைதி. பிறகு தமிழ்.

தேனீக்களைப் பற்றிய பாடம். நான் டைப் செய்தது. ஒரு பெண் குரல் நிதானமாகப் படித்தது. அலமேலு ஒரு வரியை நிறுத்தி, திரும்பக் கேட்டாள். இன்னொரு வரிக்குத் தாண்டினாள். முந்தின வரிக்கு வந்தாள். யாரையும் கெஞ்சாமல், யாருக்கும் நேரமாகிறதே என்று கூச்சப்படாமல், தனக்கு வேண்டிய வரியை வேண்டிய தடவை...

"இன்னாடி இது, உன்ன வுட ஜாஸ்தி பேசுது" என்றார் அவள் அம்மா.

எச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிறையவே துடைத்தார். "எனுக்கும் இப்பல்லாம் சின்ன எழுத்து தெரியல டீச்சர். எனுக்கும் படிக்குமா?"

"படிக்கும் சார். யாருக்கு வேணா படிக்கும்."

"அப்ப நாளைக்குக் கமிட்டியில பேச்சே இல்ல. அவங்கள இங்கியே கூட்டியாந்து உக்கார வெக்கறேன், கேக்கட்டும். அஞ்சாங்கிளாஸ் உங்களுதுதான்."

அலமேலு கீபோர்டின் மேல் கையை வைத்தபடியே இருந்தாள். அவள் அம்மாதான் பேசினார். யாரிடமும் இல்லாமல், ஜன்னலைப் பார்த்து.

"அந்தப் பொட்டியில சாமை வெதைய கொட்டி வெச்சிக்கறேன். எலி ஏறாது."

சாமைச் சோறு சாப்பிட்டோம். அப்படி ஒரு ருசியை நான் எந்தக் கல்யாணத்திலும் கண்டதில்லை. எச்.எம். இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

திங்கட்கிழமை மத்தியானம் கடைக்குப் போன் வந்தது. பாறை மேல் ஏறி நின்று பேசுகிறாள், காற்று இரைகிறது. கமிட்டிக்காரர்கள் தேனீப் பாடத்தை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்களாம். வேலை அவளுக்கே. "நைனார்பாளையத்துல என் கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தி இருக்குதுக்கா. அந்தப் பக்கம் நெட் வரும், போவும். அதுக்கு ஒண்ணு போட்டுக் குடுப்பீங்களா?"

"ஒண்ணு இன்னா, கேக்கறவங்களுக்கெல்லாம் போட்டுத் தர்றேன். இனிமே சத்தியமா பொட்டு மட்டும் வெக்க மாட்டேன்மா."

"அதெப்படி?" காற்றையும் மீறி அதட்டினாள். "மேசையில நாலு பென் டிரைவ் கெடக்குது. உங்களுது எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? வைங்கக்கா. மூடி வெச்சதா வாங்கி, அந்த மூடி மேல வைங்க."

வைக்கிறேன். இப்போதெல்லாம் சந்தனத்தைக் கொஞ்சம் கெட்டியாகக் குழைக்கிறேன் — விரலுக்குத் தட்டுப்பட வேண்டுமே.